மோர்பாத்: 33 வீடுகளும் ஒரு கணக்குப் புத்தகமும்



சென்ற வாரங்களில் திருஅவை வரலாற்றின் பெரிய பெயர்களையும் பெரிய நகரங்களையும் பற்றிப் பேசினோம். இன்று ஒரு சின்ன ஊருக்குப் போவோம். அங்கே திருச்சங்கம் எதுவும் கூடியதில்லை. பேராலயமோ திருத்தலமோ இல்லை. புனிதர் பட்டம் பெற்ற ஒருவர்கூட அந்த மண்ணில் பிறந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் சென்ற 20 ஆண்டுகளாக, இங்கிலாந்தில் கத்தோலிக்க விசுவாசம் எப்படி அற்றுப்போனது என்று படிக்கும் எவரும் அந்த ஊரைத் தொடாமல் போவதில்லை. ஊரின் பெயர் மோர்பாத்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலப்பகுதியில் டெவன் என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் வடக்கு எல்லையில், சாமர்செட் மாவட்டத்தை ஒட்டி, எக்ஸ்மூர் என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. மரம் குறைந்த, காற்றடிக்கும் புல்வெளி மேடு அது. மழைக்குக் குறைவில்லை. அந்த மேடு தெற்கே இறங்கிவரும் அடிவாரத்தில், பாம்ப்டன் என்ற சிறிய சந்தை ஊருக்கு அருகே, மடிப்பு மடிப்பான குன்றுகளுக்கு நடுவில் மோர்பாத் இருக்கிறது. சதுப்பு நிலத்தில் உள்ள நீராடும் இடம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். ஊற்றுகள் கசியும் ஈர நிலம். உழவைவிட மேய்ச்சலுக்கே ஏற்ற மண். ஊருக்கு மேற்கே எக்ஸ் ஆறு ஓடுகிறது. இந்த ஆறு பிறப்பது வடக்குக் கடலுக்குச் சில மைல் தொலைவில்தான். ஆனால் அந்தக் கடலுக்குப் போகாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு தெற்கே டெவன் முழுவதையும் கடந்து, எக்ஸிட்டர் நகரத்தைத் தொட்டு, தென்கடலில் கலக்கிறது. இந்த ஆற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்தவை 33 வீடுகள். மக்கள்தொகை ஏறக்குறைய 150. நம் பங்கில் ஒரு கிளைக்கிராமத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அவையும் ஒரே தெருவில் இல்லை. பள்ளத்துக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று என்று பண்ணை வீடுகளாகச் சிதறிக் கிடந்தன. ஒரே பெயரில் பலர் இருந்ததால், நம் ஊர்களில் வீட்டுப் பெயர் சொல்லி ஆளை அடையாளம் காட்டுவதுபோல, இன்ன பண்ணை ஜான் நார்மன், இன்ன பண்ணை ஜான் டைம்வெல் என்று பிரித்துச் சொன்னார்கள். ஊருக்குள் பெரிய பிரபு யாரும் குடியிருக்கவில்லை. நிலத்தின் உரிமை, சில மைல் தொலைவில் எக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த பார்லிஞ்ச் என்ற அகுஸ்தினார் மடத்திடம் இருந்தது. வீட்டுக்கு வீடு வசதியில் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனாலும் எல்லாரும் ஆடு மேய்த்தவர்கள்தான்.

இந்த ஊருக்கு 1520ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு பங்குத்தந்தை வந்து சேர்ந்தார். பெயர் கிறிஸ்டபர் ட்ரிக்கி. அந்நாளில் பல்கலைக்கழகப் பட்டம் பெறாத குருக்களை ‘சர்’ என்று அழைப்பது வழக்கம். அதனால் சர் கிறிஸ்டபர் என்றே ஆவணங்கள் சொல்கின்றன. பிரபுப் பட்டம் என்று எண்ண வேண்டாம். அவரும் அதே டெவனில் கல்ம்ஸ்டாக் என்ற ஊர்க்காரர். வந்தவர் 1574இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 54 ஆண்டுகள், ஒரே பங்கு! ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவுக்குப் பழகிய நமக்கு இதைக் கேட்கவே மலைப்பாக இருக்கிறது.

அந்த 54 ஆண்டுகளும் எப்படிப்பட்டவை? அவர் வந்த மறு ஆண்டில், மன்னர் எட்டாம் ஹென்றிக்குத் திருத்தந்தை பத்தாம் லியோ ‘விசுவாசத்தின் காவலர்’ என்ற பட்டம் கொடுத்தார். 13 ஆண்டுகள் கழித்து அதே ஹென்றி உரோமையோடு உறவை முறித்துத் தம்மையே திருஅவையின் தலைவராக்கிக்கொண்டார். அடுத்து வந்த சிறுவன் ஆறாம் எட்வர்டின் பெயரால் திருப்பலியே ஒழிக்கப்பட்டது. அதன்பின் ராணி மேரி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் முதலாம் எலிசபெத் மறுபடியும் ஒழித்தார். நான்கு ஆட்சிகள், நான்கு விதமான வழிபாட்டுச் சட்டங்கள். அத்தனைக்கும் மோர்பாத் பீடத்தில் நின்றவர் ஒரே ஆள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? சர் கிறிஸ்டபர் மறையுரை எதையும் எழுதி வைக்கவில்லை, நாள்குறிப்பும் இல்லை. அவர் எழுதியது கோயில் கணக்கு. ஆண்டுதோறும் கோயில் பொறுப்பாளர்கள் கணக்கு ஒப்படைக்கும்போது, அதைத் தம் கைப்பட எழுதி, மக்கள் கூடியிருக்கையில் உரக்க வாசிப்பார். காதால் கேட்பதற்காக எழுதிய கணக்கு அது. அதனால் வரவு செலவுக்கு நடுவே சண்டை, சமாதானம், பாராட்டு, முணுமுணுப்பு எல்லாம் வந்துவிடுகிறது. அந்தப் புத்தகம் எக்ஸிட்டரில் இன்றும் இருக்கிறது. அவ்வூரில் பின்னாளில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் பங்குக்குரு பின்னி என்பவர் 1904இல் அதை அச்சிட்டார். ஏமன் டஃபி என்ற அயர்லாந்துக் கத்தோலிக்க வரலாற்றாசிரியர் அதை வைத்து 2001இல் ‘மோர்பாத்தின் குரல்கள்’ என்ற நூலை எழுதிய பிறகுதான் உலகம் இந்த ஊரைத் தெரிந்துகொண்டது.

கணக்கைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுபவை ஆடுகள்! புனித ஜார்ஜியார் அவ்வூர்ப் பாதுகாவலர். அவர் பெயரில் ஒரு நிதி, அன்னை மரியா பெயரில் ஒரு நிதி, இயேசுவின் பீடத்துக்கு ஒன்று, வனத்து அந்தோணியாருக்கு ஒன்று, குதிரைகளைக் காக்கும் புனித லோயிக்கு ஒன்று என்று தனித்தனியே இருந்தன. பெரும்பாலும் பணமாக அல்ல, ஆடாக. அன்னை மரியாவின் ஆடு ஒருவர் மந்தையில் மேயும், இயேசுவின் ஆடு இன்னொருவர் மந்தையில். தன் ஆட்டோடு கோயில் ஆட்டையும் வளர்த்து, கம்பளி விற்ற காசைக் கணக்கில் சேர்க்க வேண்டும். செத்துப்போனால் அதையும் சபையில் சொல்ல வேண்டும். தேன்கூடு கொடுத்தவர்களும் உண்டு. தேனீ இருந்தால் மெழுகு கிடைக்கும், சுரூபத்தின் முன் விளக்கு எரியும்.

இளைஞருக்குத் தனி நிதி, கன்னிப்பெண்களுக்குத் தனி நிதி. அவற்றுக்கு அவர்களுக்குள்ளேயே பொறுப்பாளர்கள். கோயில் பொறுப்பு வீட்டு முறைப்படி சுற்றி வந்தது. ஏழை வீடு என்று தாண்டிப் போவதில்லை, பெண்கள்கூடப் பொறுப்பாளராக இருந்திருக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை கோயிலுக்காக வாற்கோதுமை மதுவைக் காய்ச்சி விற்று, கோயில் வீட்டில் பொது விருந்து வைப்பார்கள். அதில் வரும் லாபம்தான் பெரிய வருமானம். (மதுவிலக்குப் பணிக்குழுவினர் மன்னிக்க வேண்டும், அந்தக் குளிர்நாட்டில் அதுவே அன்றாடக் குடிநீர் போல.) அன்பியம், பேரவை, சபைகள் என்றெல்லாம் நாம் இன்று பேசுவது, வேறு பெயர்களில் அங்கே இருந்தது. அந்த 33 வீடுகளில் ஏதோ ஒரு பொறுப்பில், ஏதோ ஒரு ஆட்டின் வழியாகவாவது, கோயிலோடு கட்டப்படாத வீடு அரிது.

ஆனால் அதைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கோயில்பிள்ளைக்கு யார் எவ்வளவு கூலி கொடுப்பது என்பதில் 1530களில் ஆண்டுக்கணக்காகச் சண்டை நடந்தது. தானியமா, காசா, எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போனது. ‘ஐவர்’ என்று பெயர் பெற்ற ஊர்ப் பொறுப்பாளர்களும் பங்குத்தந்தையும் மல்லாடி, கடைசியில் 1536இல்தான் ஒரு வழிக்கு வந்தது. மன்னர் திருத்தந்தையோடு மோதிக்கொண்டிருந்த அதே காலத்தில் மோர்பாத்தில் சூடான பேச்சு கோயில்பிள்ளையின் கூலியைப் பற்றியதுதான். பங்கு நிர்வாகம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

சர் கிறிஸ்டபர் கூடவே ஒரு புனிதரையும் அழைத்து வந்தார். புனித சிட்வெல் எக்ஸிட்டரின் கன்னி மறைசாட்சி. சொத்துக்காக மாற்றாந்தாய் சதி செய்து, அறுவடைக்காரர்களைக் கொண்டு அரிவாளால் வெட்டிக் கொன்றதாக மரபு. அந்தப் புனிதரை மோர்பாத்துக்கு அதற்கு முன் தெரியாது. பங்குத்தந்தை சுரூபம் செய்து வைத்தார். மெல்ல மெல்ல மக்களுக்குப் பிடித்துப்போனது. விளக்கு வைத்தார்கள், சுரூபத்தின் காலுக்கு வெள்ளிக் காலணி செய்து போட்டார்கள், பெண் குழந்தைகளுக்கு சிட்வெல் என்று பெயரும் வைக்கத் தொடங்கினார்கள்.

1534 நவம்பரில் ஓர் இரவு கோயிலுக்குள் திருடன் புகுந்தான். ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி, அந்த ஏணியையே மேலே இழுத்து, கோபுரத்துச் சன்னலுக்குச் சார்த்தி, உடைத்து உள்ளே இறங்கினான். திருக்கிண்ணமும் சிட்வெல்லின் வெள்ளிக் காலணியும் போய்விட்டன. பங்குத்தந்தை இதையெல்லாம் ஏணி உள்பட விவரமாகக் கணக்கில் எழுதியிருக்கிறார். என்ன நடந்தது தெரியுமா? ஊர்ப் பொதுநிதியிலிருந்து ஒரு காசும் எடுக்காமல், இளைஞர்களும் கன்னிப்பெண்களும் தங்களுக்குள் திரட்டிப் புதிய கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள். அதே நாட்களில்தான் லண்டன் நாடாளுமன்றம் மன்னரைத் திருஅவையின் தலைவராக்கும் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்தது. மோர்பாத் இளைஞர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் கிண்ணத்துக்குக் காசு சேர்த்தார்கள்.

சட்டம் ஊருக்குள் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. 1536இல் பார்லிஞ்ச் மடம் மூடப்பட்டது. அதன் கண்ணாடிச் சன்னல் ஒன்று மோர்பாத் கோயிலுக்கு வந்தது. இடிந்த வீட்டின் கதவு பக்கத்து வீட்டுக்கு வருவதுபோல. 1538இல் சுரூபங்களின் முன் விளக்கு ஏற்றத் தடை வந்தது. விளக்கு இல்லை என்றால் விளக்குக்கான ஆடு எதற்கு? ஒரு நூலை இழுத்தால் துணி முழுவதும் பிரிவதுபோல, நிதிகள் ஒவ்வொன்றாகத் தளரத் தொடங்கின.

சர் கிறிஸ்டபருக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. இறந்தோர் திருப்பலிக்குக் கோயிலில் கறுப்புப் பூசை உடை இல்லை. கோயில் ஆடுகளின் கம்பளியில் தமக்கு வரவேண்டிய தசமபாகத்தை அவர் தாமே விட்டுக்கொடுத்து, சாகிறவர்கள் எழுதிவைத்த சிறு சிறு காணிக்கைகளையும் அதில் சேர்த்து, ஆண்டுக்கணக்காகச் சேமித்தார். சேமிப்பு நிறைந்து கறுப்பு உடை கோயிலுக்கு வந்த ஆண்டு 1547. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஹென்றி இறந்தார். எட்வர்டுக்கு 9 வயது; ஆட்சி சீர்திருத்தவாதிகள் கையில். உத்தரிக்கிற ஸ்தலத்தில் உள்ள ஆன்மாக்களுக்காகப் பூசை வைக்கும் அறக்கட்டளைகளை ஒழிக்கும் சட்டம் அந்த ஆண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. வாழ்நாள் சேமிப்பில் தைத்த உடையைப் பெட்டியில் மடித்து வைக்கவேண்டியதாயிற்று. ஒரு குருவின் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்பது பலிபீடத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

1548இல் எல்லாச் சுரூபங்களையும் அகற்ற ஆணை வந்தது. அந்த ஆண்டு கோயில் பொறுப்பு லூசி ஸ்கீலி என்ற பெண்மணியின் கையில் இருந்தது. கோயில் ஆடுகள் விற்கப்பட்டன. இளைஞர் நிதி, கன்னிப்பெண்கள் நிதி எல்லாம் முடிந்தன. விருந்து நின்றது. ஆணைகளை நிறைவேற்றும் செலவும் ஊர் தலையில். புதிய புத்தகங்கள் வாங்க வேண்டும், அதிகாரிகளிடம் போய்வர வேண்டும். 30 ஆண்டுகளில் சேர்த்தது இரண்டே ஆண்டுகளில் கரைந்து, கோயில் கடனில் விழுந்தது. பின்னாளில் திரும்பிப் பார்க்கும்போது, லூசியின் காலம் தொடங்கி எட்வர்ட் ஆட்சி முழுவதும் கோயிலுக்கு எதுவும் வரவில்லை, கோயிலிலிருந்து போய்க்கொண்டே இருந்தது என்ற கருத்தில் சர் கிறிஸ்டபர் எழுதுகிறார். லூசியைக் குறை சொல்வதற்காக அல்ல. காலத்துக்கு அடையாளமாக அவர் பெயரைச் சொல்கிறார்.

இதன்மேல் 1549இல் ஆட்டுக்கு வரி வந்தது. அதே ஆண்டு பெந்தகோஸ்து ஞாயிறு, ஜூன் 9 முதல், இலத்தீன் திருப்பலிக்குப் பதிலாக ஆங்கில வழிபாட்டுப் புத்தகம் மட்டுமே பயன்பட வேண்டும் என்று சட்டம். டெவன் நடுவில் உள்ள சாம்ஃபோர்டு கோர்ட்னி என்ற ஊரில் மறுநாள் திங்கட்கிழமை மக்கள் தங்கள் குருவை மறித்து, பழைய பூசை உடையை அணிந்து பழைய திருப்பலியே நிறைவேற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அது தீயாகப் பரவியது. கார்ன்வாலிலிருந்து இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது. ஜூலை 2ஆம் நாள் எக்ஸிட்டர் நகரத்தை முற்றுகையிட்டார்கள்.

இங்கே நமக்கு ஓர் இடைஞ்சலான கேள்வி எழுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டுக்குத் தாய்மொழியின் கதவைத் திறந்தது. நாம் தமிழில் திருப்பலி காண்கிறோம், அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்கிறோம். அப்படியிருக்க, தாய்மொழி வழிபாட்டை எதிர்த்து ஆயுதம் எடுத்த இவர்களை எப்படிப் புரிந்துகொள்வது? முதலாவது, கார்ன்வால் மக்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியே அல்ல. எங்களில் சிலருக்கு ஆங்கிலம் புரியாது என்று தங்கள் கோரிக்கைகளிலேயே அவர்கள் எழுதினார்கள். டெவன்காரர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆனால் அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்தால், மொழி மட்டும் அங்கே பிரச்சினை இல்லை என்பது விளங்கும். நற்கருணை பீடத்தின்மேல் இருக்க வேண்டும், சுரூபங்கள் திரும்ப வேண்டும், தீர்த்தமும் மந்திரித்த அப்பமும் வேண்டும், இறந்தவர்களுக்காக மன்றாட வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு புத்தகத்தோடு அவர்களுடைய இறந்த பெற்றோரும், புனிதர்களும், விளக்கும், விருந்தும், ஆடும் ஒட்டுமொத்தமாகப் பறிபோயின. அரசு கொடுத்த ஆங்கிலம் அந்தப் பறிப்பின் மொழியாகத்தான் அவர்கள் காதில் விழுந்தது. நமக்குத் தாய்மொழி வந்தபோது பீடம் நம்மிடமே இருந்தது. இந்த வேறுபாட்டை மறந்து அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது நியாயம் ஆகாது. ஆயுதம் எடுத்தது சரியா என்றால், நம்மால் ஆம் என்று சொல்ல முடியாது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையோ மிகப் பெரிது.

மோர்பாத் என்ன செய்தது? 400 ஆண்டுகளுக்கு மேலாக இது தெரியாமலே இருந்தது. கணக்குப் புத்தகத்தில் ஐந்து இளைஞர்களுக்குப் பணம் கொடுத்ததாக ஒரு பதிவு இருக்கிறது. வில்லியம் ஹர்லி, இளைய தாமஸ் போரேஜ், ஜான் டைம்வெல், கிறிஸ்டபர் மோர்ஸ், ராபர்ட் ஸேர். வாளுக்கும் வில்லுக்கும் ஆன செலவும் அருகே இருக்கிறது. அவர்கள் எங்கே புறப்பட்டுப் போனார்கள் என்ற இடத்தில் ஒரு சொல். அதை பின்னி ‘செயின்ட் டெனிஸ்’ மேடு என்று வாசித்து அச்சிட்டுவிட்டார். அப்படி ஓர் இடம் யாருக்கும் புலப்படவில்லை. அரசுப் படைக்கு ஆள் அனுப்பிய செலவாக இருக்கும் என்று எண்ணியவர்களும் உண்டு. டஃபி மூலத்தைக் கூர்ந்து பார்த்தார். அது ‘செயின்ட் டேவிட்’ மேடு. எக்ஸிட்டர் மதிலுக்கு வெளியே கலகக்காரர்களின் பாசறை இருந்த இடம். ஆக, அந்த ஐவரை ஊரே செலவு செய்து முற்றுகைக்கு அனுப்பியிருக்கிறது. அதைப் பங்குத்தந்தை ஊர்க்கணக்கில் எழுதினார். எழுதியதைக் கிழிக்கவும் இல்லை. அந்தப் பக்கம் ஒன்று போதும், கலகம் அடங்கியபின் தூக்குமரம் நடுவதற்கு.

ஐந்து வாரம் முற்றுகை நீடித்தது. ஆகஸ்டு 6ஆம் நாள் ரஸ்ஸல் பிரபுவின் படை நகரத்துக்குள் நுழைந்தது. அந்தப் படையில் ஜெர்மானிய, இத்தாலியக் கூலிப்படையினரும் இருந்தார்கள். ஆடு மேய்த்தவர்கள் துப்பாக்கியின் முன் நின்றார்கள். கிளிஸ்ட் என்ற இடத்தில் பிடிபட்ட நூற்றுக்கணக்கானோர் கைகள் கட்டப்பட்ட நிலையிலேயே கொல்லப்பட்டார்கள். எக்ஸிட்டர் புனித தோமையார் ஆலயப் பங்குத்தந்தை ராபர்ட் வெல்ஷ், பூசை உடையோடு தம் கோயில் கோபுரத்திலேயே தூக்கிலிடப்பட்டார். மொத்தத்தில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மோர்பாத் ஐவரில் சிலருடைய பெயர் அதன்பின் ஊர்க்கணக்கில் எங்கும் இல்லை. அப்பன் பெயர் வருகிறது, அண்ணன் பெயர் வருகிறது, அவர்கள் பெயர் வரவில்லை.

சர் கிறிஸ்டபர் தப்பினார். எப்படி என்று கணக்கு சொல்லவில்லை. அடுத்த ஞாயிறுகளில் அவர் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து வாசித்தார்.

1553இல் ராணி மேரி வந்தார். மோர்பாத்தில் அப்போது நடந்ததை வாசிக்கும்போது நெஞ்சு நெகிழும். அழிந்துபோனதாக அதிகாரிகள் எழுதிக்கொண்ட பொருள்கள் ஒவ்வொன்றாக வீடுகளிலிருந்து வெளியே வந்தன. ஒருவர் பாடுபட்ட சுரூபத்தின் அருகே நின்ற அன்னை மரியாவையும் யோவானையும் கொண்டுவந்தார். ஒருவர் பழைய பூசைப் புத்தகம் கொண்டுவந்தார். ஜார்ஜியார் சுரூபத்தின் பகுதிகள் வந்தன, பூசை உடைகள் வந்தன. வைக்கோலுக்கு அடியிலோ பரணிலோ ஐந்தாறு ஆண்டுகள் யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். பங்குத்தந்தை ஒவ்வொருவர் பெயரையும் மகிழ்ச்சியோடு எழுதி வைத்தார். ஆனால் ஆட்டு மந்தைகள் திரும்பவில்லை. புனிதர்களுக்கான அந்த நிதிகள் பழையபடி உயிர்பெறவும் இல்லை. சுரூபத்தை ஒளித்து வைக்கலாம். ஒரு பழக்கத்தை எந்தப் பரணில் ஒளித்து வைப்பது?

ஐந்தே ஆண்டுகள். 1558 நவம்பரில் மேரி இறந்தார், எலிசபெத் வந்தார், பழையபடி எல்லாம் மாறியது. இம்முறை மாற்றம் நிலைத்துவிட்டது. ஆயர்கள் பெரும்பாலும் பதவியிழந்து சிறைப்பட்டார்கள். ஊர்ப்புறக் குருக்களில் பெரும்பாலோர் பணிந்தார்கள். சர் கிறிஸ்டபரும் பணிந்தார். இன்னும் 15 ஆண்டுகள் அதே கோயிலில், அதே மக்களிடையே, புதிய வழிபாட்டை நடத்தினார். அதே கையெழுத்தில் அதே கணக்கை எழுதினார். யார் என்ன கொடுத்தார் என்று முன்போலவே பெயர் சொல்லி நன்றி பாராட்டினார். பழைய புலம்பல் மெல்ல மெல்லக் குறைந்தது.

அன்பானவர்களே, இந்த மனிதரை என்னவென்று சொல்வது? யோவான் நற்செய்தியில் ஆண்டவர் நல்ல மேய்ப்பரையும் கூலியாளையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். ஓநாய் வரும்போது கூலியாள் ஓடிப்போவான். சர் கிறிஸ்டபர் ஓடவில்லை. ஆனால் ஓநாய் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு மந்தையோடு இருந்தார் என்றும் சொல்லலாம். 1535இல் ஆயர் ஜான் ஃபிஷரும் தாமஸ் மோரும் தலையைக் கொடுத்தார்கள், வாக்கைக் கொடுக்கவில்லை. அதே டெவனில் பிறந்த கத்பர்ட் மெய்ன், வெளிநாட்டுக் குருமடத்தில் பயின்று குருவாகித் திரும்பி, 1577 நவம்பரில் லான்செஸ்டனில் கொல்லப்பட்டார். சர் கிறிஸ்டபர் இறந்து மூன்றே ஆண்டுகள் கழித்து! திருஅவை மெய்னுக்கு 1970இல் புனிதர் பட்டம் அளித்தது. அவருடைய சாட்சியத்தின் பக்கத்தில் மோர்பாத் குருவை நிறுத்த முடியாது. நிறுத்தவும் நாம் முயலவில்லை.

ஆனால் அவரைக் கோழை என்று சொல்வதற்கும் நமக்கு நாக்கு எழவில்லை. ஐந்து இளைஞர்களின் பெயரை அந்த ஆண்டில் எழுதியவர் கோழை அல்ல. அவர் போயிருந்தால் அந்த 33 வீடுகளுக்கும் அவர்களை அறியாத யாரோ ஒருவர் வந்திருப்பார். பிள்ளையை எக்ஸிட்டரில் பறிகொடுத்த தாய்க்கு, அந்தப் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவராகப் பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவரே. இறந்தோர் திருப்பலி இல்லாத காலத்தில் அந்த நினைவைச் சுமக்க வேறு யார் இருந்தார்கள்? இது ஒரு வாதம்தான், தீர்ப்பு அல்ல. மறுபக்க வாதமும் வலிமையானது. அவர் நின்றதால்தான் மக்கள் புதிய வழிக்குச் சிக்கலில்லாமல் பழகினார்கள். வெளியாள் வந்திருந்தால் கசந்திருக்கும், பரிச்சயமான குரல் அதை விழுங்க வைத்தது. அவர் இறந்தபோது மோர்பாத் புரோட்டஸ்டன்ட் ஊர். எல்லாருக்கும் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் செய்து வைத்த அந்தக் கைகளே அந்த மாற்றத்தையும் செய்து முடித்தன. அரசின் சட்டமும் கூலிப்படையும் சாதிக்காததை, நேசித்த பங்குத்தந்தையின் பணிவு சாதித்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது. குருத்துவம் பெற்ற எவரும் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போக முடியாது.

ஊர் பிறகு தன் வழியில் போனது. 1873இல் டான்டனிலிருந்து பார்ன்ஸ்டபிள் போகும் ரயில் பாதை வந்து, மோர்பாத்துக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. அந்த நூற்றாண்டிலேயே பட்டர்ஃபீல்டு என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கோயிலைப் புதுப்பித்தார். கோபுரத்தின்மேல் இன்று தெரியும், வீட்டுக்கூரை போன்ற சரிவுக்கூரை அவர் வைத்தது. 1966இல் ரயில் நின்றுவிட்டது. இப்போதும் ஆடு மேயும் குன்றுகள், சிதறிய பண்ணைகள், புனித ஜார்ஜியாரின் கோயில். ஞாயிறு வழிபாடு ஆங்கிலிக்கன் முறைப்படி நடக்கிறது.

அந்த ஐவர் போன பாசறையின் பெயரை இன்று எக்ஸிட்டரின் பெரிய ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது: எக்ஸிட்டர் செயின்ட் டேவிட்ஸ். லண்டனிலிருந்து கார்ன்வால் போகும் வண்டிகள் அங்கே நின்று போகின்றன. நிலையத்தை ஒட்டியே ஆறு ஓடுகிறது. மோர்பாத்துக்கு மேற்கே இறங்கிவரும் அதே எக்ஸ் ஆறு.